பூஜ்யத்தைக் கண்ணால் பார்க்க ஒருவர்

தேர்தல் நாளன்று ஒருவர் வாக்குச்சாவடிக்குள் நுழைந்து, விரலில் மை வைத்துக்கொண்டு, பொத்தானை அழுத்திவிட்டு வெளியே வரச் சில நிமிடங்கள் போதும். அந்தச் சில நிமிடங்களுக்கு முன்னும் பின்னும் எத்தனை பேர் கையெழுத்துப் போடுகிறார்கள், எத்தனை முத்திரைகள் வைக்கப்படுகின்றன என்பது அவர் கண்ணில் படுவதில்லை. வாக்கு இயந்திரத்தைப் பற்றிய நம் வாதமெல்லாம் 'அதை ஹேக் செய்ய முடியுமா, முடியாதா' என்ற ஒரே கேள்வியில் முட்டிக்கொண்டு நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு கணினி அமைப்பை நம்பலாமா என்பதை அதன் சிப்பை மட்டும் ஆராய்ந்து சொல்லிவிட முடியாது. தவறு நேர்ந்தால் அது சாதாரண மனிதர் கண்ணில் படுமா, பட்டால் திருத்த வழியுண்டா என்பதையே முதலில் கேட்க வேண்டும். இதற்கான இரண்டு பாடங்கள் கேரளத்திலேயே, ஒரே எர்ணாகுளம் மாவட்டத்தில், 37 ஆண்டு இடைவெளியில் கிடைத்திருக்கின்றன.

முதல் பாடம் பரவூர். இந்தியாவில் மின்னணு வாக்கு இயந்திரம் முதன்முதலில் வைக்கப்பட்ட தொகுதி அது. 1982 மே 19 அன்று நடந்த சட்டமன்றத் தேர்தலில் அங்கே 50 வாக்குச்சாவடிகளில் இயந்திரம், மற்றவற்றில் பழையபடி வாக்குச்சீட்டு. இந்திய கம்யூனிஸ்ட் கட்சியின் சிவன் பிள்ளை 123 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். தோற்ற காங்கிரஸ் வேட்பாளர் ஏ.சி. ஜோஸ் நீதிமன்றத்துக்குப் போனார். 1984 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த 50 சாவடிகளின் வாக்குப்பதிவை ரத்து செய்தது. இயந்திரம் தப்பாக எண்ணியதாக நீதிமன்றம் சொல்லவில்லை. சட்டமும் விதிகளும் வாக்குச்சீட்டைத்தான் சொல்கின்றன, அதை மாற்றத் தேர்தல் ஆணையத்துக்குத் தானாக அதிகாரம் கிடையாது என்றது. மறுவாக்குப்பதிவில் ஜோஸ் வென்றார். இயந்திரத்துக்கு இடம் கொடுக்கும், தேர்தல் சட்டத்தின் 61ஏ பிரிவு 1989-ல்தான் நடைமுறைக்கு வந்தது. பொறியாளர்கள் தங்கள் வேலையைச் சரியாகவே செய்திருக்கலாம். ஆனால் சட்டம், ஆணையம், வேட்பாளர், நீதிமன்றம் என்று சுற்றியிருக்கும் எல்லாம் சேர்ந்ததுதான் அமைப்பு. அதில் ஒரு கண்ணி விட்டுப்போனதும் ஒரு தொகுதியின் முடிவே தலைகீழானது.

இரண்டாவது பாடம் 2019 மக்களவைத் தேர்தலில் களமசேரியில் கிடைத்தது. இதை இன்னும் முக்கியமாகக் கருதுகிறேன். அங்கே 83-ஆம் எண் வாக்குச்சாவடியில், வந்து வாக்களித்தவர்களைவிட 43 வாக்குகள் கூடுதலாக இயந்திரத்தில் இருந்தன. சதி ஏதும் இல்லை. காலையில் கட்சி ஏஜெண்டுகள் முன்னிலையில் நடத்தும் மாதிரி வாக்குப்பதிவின் வாக்குகளை அழிக்காமலே நிஜ வாக்குப்பதிவைத் தொடங்கிவிட்டார்கள். 'குளோஸ்', 'ரிசல்ட்', 'கிளியர்' என்று மூன்று பொத்தான்களை வரிசையாக அழுத்தி, திரையில் பூஜ்யம் தெரிகிறதா என்று எல்லோரும் பார்த்த பிறகே தொடங்க வேண்டும் என்பது விதி. அந்த வரிசை விட்டுப்போனது. வாக்குச்சாவடி அலுவலர்கள் பெரும்பாலும் பள்ளி ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும்தான். முந்தின நாளே சாமான்களோடு வந்து சேர்ந்து, சரியான தூக்கமில்லாமல், எப்போதோ ஒருமுறை செய்யும் வேலையைச் செய்கிறவர்கள். அவர்கள் மறப்பார்கள் என்பதை முன்பே கணக்கில் எடுத்துக்கொள்ளாத வடிவமைப்பு, வடிவமைப்பே அல்ல. ஆனால் களமசேரியில் அந்த மறதி மறைந்துபோகவில்லை. வந்தவர்களின் கையெழுத்தோ கைநாட்டோ உள்ள பதிவேடு ஒன்று காகிதத்தில் தனியாக இருந்தது. அதன் எண்ணும் இயந்திரத்தின் எண்ணும் ஒத்துப்போகவில்லை என்பது அங்கிருந்த எவருக்கும் புரிந்தது. கணினி நிபுணர் யாரும் தேவைப்படவில்லை. ஏப்ரல் 23-ல் நடந்த தவறுக்கு ஏப்ரல் 30-ல் மறுவாக்குப்பதிவு நடந்தது.

அந்தப் பதிவேடு போன்ற இரண்டாவது கணக்கு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு பிரிட்டன் அஞ்சல் துறையே சாட்சி. 1999 முதல் அங்கே கிளை அஞ்சலகங்களில் புகுத்தப்பட்ட 'ஹொரைசன்' என்ற கணக்கு மென்பொருள், இல்லாத பற்றாக்குறையைக் காட்டியது. கிளையை நடத்தியவரிடம் அதை மறுக்கத் தனிக் கணக்கு எதுவும் இல்லை. கணினி சரியாகவே இயங்கியிருக்கும் என்று கருதுவதே அந்நாட்டுச் சட்ட மரபு. 2015 வரை 900-க்கும் மேற்பட்டோர் தண்டிக்கப்பட்டனர். சிறை சென்றவர்களும் சொத்தை இழந்தவர்களும் உண்டு. இந்திய வம்சாவளியினரும் அவர்களில் இருந்தார்கள். மென்பொருளில் பிழைகள் இருந்ததை 2019-ல்தான் உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது. தண்டனைகளை ஒட்டுமொத்தமாக ரத்து செய்ய 2024-ல் தனிச் சட்டமே வேண்டியிருந்தது. பிழை எந்த மென்பொருளிலும் இருக்கும். 'கணினி சொன்னால் சரி' என்று ஒரு நிறுவனம் சாதித்ததும், எதிர்க்கேள்வி கேட்பவரைத் திருடராக்கியதும்தான் அந்தக் கொடுமைக்கு வேர்.

மனிதர்தான் மறக்கிறார்கள் என்றால் அவர்களை விலக்கிவிட்டு எல்லாவற்றையும் தானியங்கியாக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். மாதிரி வாக்கு எது, நிஜ வாக்கு எது என்று இயந்திரத்துக்குத் தெரியாது. இரண்டும் அதற்கு ஒரே பொத்தான் அழுத்தம்தான். இன்னதுதான் மாதிரி என்று தானே முடிவுசெய்து அழிக்கும் அதிகாரத்தை அதற்குக் கொடுத்தால், நிஜ வாக்கை அழிக்கும் அதிகாரத்தையும் சேர்த்தே கொடுத்தவர்களாவோம். அதைவிட, பூஜ்யத்தைப் பத்துக் கண்கள் பார்ப்பது பாதுகாப்பு. இவ்வளவு மனிதர் வேண்டுமென்றால் வாக்குச்சீட்டுக்கே திரும்பிவிடலாமே என்பது அடுத்த வாதம். இதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம் 2009-ல், தனி அறிவு இல்லாத குடிமகனும் சரிபார்க்க முடியாத வாக்கு இயந்திரம் செல்லாது என்றது. ஆனால் வாக்குச்சாவடிக்குள் ரவுடிகள் புகுந்து கட்டுக்கட்டாய்ச் சீட்டில் முத்திரை குத்திய காலத்தையும் நாம் பார்த்திருக்கிறோம். ஒவ்வொரு வாக்குக்கும் அலுவலர் அனுமதி கொடுத்தால்தான் இயந்திரம் திறக்கும். ஆபத்து வந்தால் 'குளோஸ்' பொத்தானை அழுத்தி அவர் நிறுத்திவிடலாம். மனிதரை அறிந்து செய்த வடிவமைப்பு இது. ஜெர்மனி நீதிமன்றம் கேட்ட கேள்விக்கு நம் விடை, யாருக்கு வாக்களித்தோம் என்பதை ஏழு நொடி கண்ணாடி வழியே காட்டிவிட்டுப் பெட்டிக்குள் விழும் விவிபாட் சீட்டு. ஒரு சட்டமன்றப் பகுதிக்கு ஐந்து சாவடிகளின் சீட்டுகள்தான் எண்ணப்படுகின்றன. எல்லாவற்றையும் எண்ணும் கோரிக்கையை 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஐந்து போதுமா என்று தொடர்ந்து கேட்பது நியாயம் என்றே நினைக்கிறேன்.

மாதிரி வாக்குப்பதிவும் கையெழுத்தும் வெறும் சடங்காகிவிட்டன என்ற குறை மிச்சமிருக்கிறது. அது உண்மை. பார்க்காமலே கையெழுத்துப் போடும் ஏஜெண்டும் உண்டு, வராத ஏஜெண்டும் உண்டு. எந்த இயந்திரமும் இதைச் சரிசெய்யாது. வாக்குப்பதிவு தொடங்க ஒன்றரை மணி நேரம் முன்பே மாதிரி வாக்குப்பதிவு ஆரம்பமாகிவிடும். வரும் தேர்தலில் நீங்கள் ஆதரிக்கும் கட்சி எதுவானாலும், உங்கள் பூத் ஏஜெண்டை அந்த நேரத்துக்கே அனுப்பச் சொல்லுங்கள். திரையில் பூஜ்யத்தைப் பார்த்த பிறகு அவர் கையெழுத்துப் போடட்டும். மாலையில் பதிவான வாக்குகளின் எண்ணிக்கை எழுதிய 17சி படிவத்தின் நகலை வாங்காமல் அவர் வீடு திரும்ப வேண்டாம்.