விலை கட்டவில்லையா? ‘வேண்டாம்’ என்று சொல்லலாம்

மாட்டுச் சந்தைப் பேரத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். துண்டுக்கு அடியில் கையை விட்டு, விரலைப் பிடித்தே தரகரும் வியாபாரியும் விலையை முடித்துவிடுவார்கள். மாட்டை ஓட்டி வந்தவர் பக்கத்திலேயே நின்றாலும், துண்டுக்கடியில் என்ன பேசினார்கள் என்பது அவருக்குத் தெரியாமல் போவதுண்டு.

வாடிப்பட்டி, திருமங்கலம் பக்கத்து ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களிலும் ரகசியம் உண்டு. ஆனால் இங்கே அது வியாபாரிகளுக்கு இடையில். மறைமுக ஏலம் என்று பெயர். கொப்பரைக் குவியலைப் பார்த்துவிட்டு, லாட் எண்ணுக்கு நேராக ஒவ்வொருவரும் தம் விலையைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவார்கள். பக்கத்தில் இருப்பவர் எவ்வளவு போட்டார் என்று தெரியாது. அதனால் நாலு பேர் டீக்கடையில் கூடி, “இதுக்கு மேல யாரும் போகாதீங்கப்பா” என்று பேசி வைத்துக்கொண்டாலும், அந்தப் பேச்சை நம்பிச் சரக்கைக் கோட்டைவிட யாருக்கும் மனசு வராது.

இந்த ஏற்பாடு இன்று நேற்று வந்ததல்ல. 1933-இல் சென்னை மாகாணம் வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் கொண்டுவந்தது. 1936-இல் திருப்பூரில் பருத்திக்கென ஒழுங்குமுறைச் சந்தை வந்தது. விவசாயியிடம் தரகு பிடிக்கக் கூடாது, சந்தைக் கட்டணமான ஒரு சதவீதத்தை வாங்குபவர்தான் கட்ட வேண்டும் என்பது இன்றுள்ள விதி. 2016 ஏப்ரல் 14 அன்று ‘இ-நாம்’ என்னும் தேசிய வேளாண் சந்தை தொடங்கிய பிறகு, அதில் இணைந்த கூடங்களில் சீட்டும் பெட்டியும் செல்போனுக்குள் போய்விட்டன. வாசலில் பதிவு, லாட் எண், தரப் பரிசோதனை, ஏலம், எடை, பில் என்று வரிசையாக நடந்து, பணம் வங்கிக் கணக்குக்குப் போகிறது.

காங்கேயத்து எண்ணெய் ஆலைக்காரர் இருந்த இடத்திலிருந்தே விலை போடலாம். சிக்கலும் அங்கேதான். அவர் கொப்பரையைக் கையால் உடைத்துப் பார்ப்பதில்லை, பரிசோதனைச் சீட்டைத்தான் பார்க்கிறார். அரசு ஆதரவு விலைக்கு எடுக்கும் அரவைக் கொப்பரையில் ஈரப்பதம் 6 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்; பூஞ்சை பிடித்ததும் கறுத்ததும் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சாக்கின் மேல்பக்கம் வெள்ளை வெளேரென்று இருக்க, அடியில் அரைக்காய்ச்சலான பருப்பைத் திணித்தால் அந்தச் சீட்டே பொய்யாகிவிடும். அடுத்த முறை ஆலைக்காரர் நல்ல சரக்குக்கும் சேர்த்தே விலையைக் குறைத்துப் போடுவார். ஒருவர் செய்த வேலைக்கு ஊரே அபராதம் கட்டும்.

வாங்குபவர் பக்கமும் குறை இல்லாமல் இல்லை. ஏலம் எடுத்த பிறகு, “காய் சரியில்லை, கொஞ்சம் குறைச்சுக்குங்க” என்று பேரத்தை மறுபடி ஆரம்பிப்பது ஒன்று. பணத்தை இழுத்தடிப்பது இன்னொன்று.

மேற்கே போடிநாயக்கனூரில் ஏலக்காய்க்கு 2007-இலேயே மின்னணு ஏலம் வந்துவிட்டது. ஒவ்வொரு லாட்டின் மாதிரிக் காயையும் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் வியாபாரிகள் கணினியில் விலையை ஏற்றுகிறார்கள். எவ்வளவு வந்தது, எவ்வளவு விற்றது, அதிகபட்ச விலை, சராசரி விலை எல்லாவற்றையும் நறுமணப் பொருட்கள் வாரியம் அன்றன்றே வெளியிடுகிறது. 2019 ஆகஸ்டில் இடுக்கி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டதை நாடே தெரிந்துகொண்டது இப்படித்தான். அங்கேயும் தோட்டக்காரர்களுக்கு ஒரு நெடுநாள் மனக்குறை உண்டு: வியாபாரிகள் சிலர் வாங்கிய காயையே திரும்ப ஏலத்துக்குக் கொண்டுவருகிறார்கள், அதனால் வரத்து கூடுதலாகத் தெரிந்து விலை இறங்குகிறது என்பது. திரையில் எல்லாம் வெளிச்சமாகத் தெரிந்தாலும், இந்தக் காய் யாருடையது என்று யாராவது கேட்டாக வேண்டும்.

முகம் தெரியாதவர்கள் விற்று வாங்க வழி செய்த அமெரிக்காவின் ‘ஈபே’ நிறுவனம், 1996-இல் ஒருவரையொருவர் மதிப்பிடும் முறையைக் கொண்டுவந்தது. நாளாக ஆக, குறை சொன்ன வாடிக்கையாளரைப் பழிவாங்க விற்பனையாளர்களும் மோசமான மதிப்பீடு எழுதத் தொடங்கினார்கள். 2008-இல் அந்த உரிமை விற்பனையாளர்களிடமிருந்து பறிக்கப்பட்டது. வாடிப்பட்டியில் அப்படிப்பட்ட மதிப்பெண் தேவைப்படாது. எந்தத் தோப்புக் காய் எப்படி என்று வியாபாரிக்கும், யார் சொன்ன தேதியில் பணம் தருவார் என்று தோப்புக்காரருக்கும் தெரியும். தூரத்து வியாபாரி வந்து சேரும்போதுதான் அந்தப் பழக்கம் உதவாமல் போகிறது.

அதிகபட்ச விலை வந்த பிறகும், அது கட்டுப்படியாகாவிட்டால் விவசாயி மறுக்கலாம். இ-நாம் விதியே அதற்கு இடம் தருகிறது. ஏலத்தின் நியாயம் பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது. ஆனால் வேன் வாடகையும் ஏற்றுகூலியும் கொடுத்து முப்பது மூட்டையைக் கொண்டு வந்தவர் எப்படி மறுப்பார்? திருப்பிக் கொண்டுபோக இன்னொரு வாடகை ஆகும். அதற்காகத்தான் விற்பனைக்கூடத்தில் கிடங்கு இருக்கிறது. சரக்கை அங்கே வைத்து, மதிப்பில் 75 சதவீதம் வரை பொருளீட்டுக் கடன் வாங்கிக்கொண்டு விலை ஏறும்வரை காத்திருக்கலாம். செல்போன் செயலியைவிட இந்தக் கிடங்குதான் விவசாயிக்குப் பெரிய பலம். சரக்கைக் கொண்டு போகிறவர்கள், கிடங்கில் இடம் இருக்கிறதா, கடன் கிடைக்குமா என்பதை லாட் எண் வாங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.