கண்ணில் தோன்றும் வெண்ணொளி

நோய் ஏழையையும் செல்வனையும் ஒன்றுபோலவே பற்றுகிறது என்பர். பற்றுவது ஒன்றுபோல இருக்கலாம்; முடிவு அவ்வாறன்று. இதனை ரெட்டினோபிளாஸ்டோமா எனப்படும் விழித்திரைப் புற்றுநோயைக் கொண்டு காண்போம்.

சிறு குழந்தைகளின் கண்ணில் தோன்றும் இவ்வரிய நோய், ஏறத்தாழ 16,000 முதல் 18,000 குழந்தைகளுள் ஒன்றுக்கு வருகிறது. எல்லா இனத்தாரிடத்தும் ஏறக்குறைய இதே அளவில் காணப்படுகிறது. 2017ஆம் ஆண்டில் 153 நாடுகளில் நோய் கண்டறியப்பட்ட 4,351 குழந்தைகளைப் பற்றிய ஆய்வொன்று 2020இல் வெளியாயிற்று. கண்டறியப்பட்ட இடைநிலை வயது செல்வ நாடுகளில் 14 மாதம். மிக வறிய நாடுகளில் 30 மாதம். அதற்குள் நோய் பிற உறுப்புகளுக்குப் பரவியிருந்தோர் முன்னதில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. பின்னதில் ஏறத்தாழ 19 பேர். அமெரிக்காவிலும் ஹிஸ்பானியக் குழந்தைகளிடத்தே நோய் கண்ணைக் கடந்தபின் கண்டறியப்படுவது மிகுதி. இவ்வேறுபாட்டிற்குப் பெருங்காரணம் இரத்தமன்று, தாமதமே.

தாமதம் எவ்வாறு நேருகிறது என்பதைத் திருப்பூர் நமக்குக் கற்பிக்கும். தேனி, திண்டுக்கல் பக்கத்தாரும் ஒடிசா, பீகார் மாநிலத்தாரும் இங்கே பனியன் கம்பெனிகளில் பிழைக்கின்றனர். பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் தாய்க்கு ஒரு நாள் விடுப்பு ஒரு நாள் கூலியின் இழப்பு. தமிழறியாத தந்தை மருத்துவமனையில் யாரிடம் கேட்பார்? குழந்தைக்கு வலியில்லை, விளக்கொளியில் கண்மணி பூனைக்கண்போல் வெண்மையாய் மின்னுகிறது, அவ்வளவே. மற்றோர் அறிகுறியாகிய மாறுகண்ணை அதிர்ஷ்டம் என்று மகிழ்வோரும் நம்மிடையே உண்டு.

பிறவிக்குருடனைக் கண்ட சீஷர்கள், பாவம் செய்தவர் யார் என்று வினவியதை யோவான் 9ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அவ்வினா இன்றும் தாய்மாரை வதைக்கிறது. இந்நோய்க்குரிய மரபணு 1986இல் அடையாளங் காணப்பட்டது. பத்தில் நான்கு குழந்தைகளுக்கே மரபுவழி செல்லக்கூடிய மாற்றம் உண்டு; அவர்களிலும் பெரும்பாலோர்க்கு அது பெற்றோரிடமிருந்து வராது புதிதாகத் தோன்றியதே. ஆகவே எவரையும் பழிப்பதற்கு இடமில்லை. ஆயினும் உடன்பிறந்தாரின் கண்களையும் சோதிப்பித்தல் வேண்டும்.

ஆயர் செய்யத்தக்கவை எளியவை. வீடு சந்திக்கையில் குழந்தையின் கண்ணை நோக்குவோமாக. ஐயமெழுந்தால் கோயம்புத்தூர் அரவிந்த் கண் மருத்துவமனை போன்ற இடத்திற்கு அவ்வாரமே அனுப்புவோமாக; இந்தியோ ஒடியாவோ அறிந்த ஒருவர் உடன் செல்லட்டும்; இழந்த கூலியைச் சபையின் தரும நிதி ஈடுசெய்யட்டும். கண்ணை அகற்றுவதே உயிர் காக்கும் வழி என மருத்துவர் கூறின், அஞ்சி நிற்கும் பெற்றோருக்குத் துணைநிற்போம். ஜெபித்துப் பார்ப்போம் என்று நாம் தள்ளிவைக்கும் ஒவ்வொரு வாரமும் அக்குழந்தையின் கணக்கிலேயே கழிகிறது. ஜெபம் பேருந்திலும் தொடரலாம்.