ஈமாக்ஸ் திரையின் அடிவரியும் அதில் மறைந்த கேள்வியும்

கணினி அச்சுக்கோப்பு வரலாற்றில் திருவனந்தபுரத்திற்குத் தனியிடம் உண்டு. கணிதச் சமன்பாடுகளைச் சீராக அச்சிடுவதற்காக டொனால்ட் கனூத் உருவாக்கிய டெக் என்னும் மென்பொருளின் இந்தியப் பயனர் குழு 1998-இல் இந்நகரில்தான் தொடங்கப்பட்டது; உலக டெக் பயனர்களின் ஆண்டு மாநாடு 2002-இலும் மீண்டும் 2011-இலும் இங்கே கூடியது; கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் இந்திய இணை அமைப்பும், ரிச்சர்ட் ஸ்டால்மன் வருகை தந்த 2001 ஜூலையில் இங்கேயே பிறந்தது. அந்த ஸ்டால்மன் எழுதி 1985-இல் வெளியிட்ட குனு ஈமாக்ஸ், டெக் கோப்புகளை எழுதுவோர் பலர் இன்றும் விரும்பிக் கையாளும் உரைத்திருத்தி, அதாவது எழுத்தை மட்டும் தட்டச்சு செய்து திருத்த உதவும் மென்பொருள். அதன் திரையின் கடைசி வரியில் நெடுங்காலம் நீடித்த ஒரு காட்சி வழு 2020-இல்தான் முறையாகத் தீர்க்கப்பட்டது.

ஈமாக்ஸின் திரையைப் பல சாளரங்களாகப் பிரித்துக்கொள்ளலாம்: இடப்பக்கச் சாளரத்தில் கட்டுரையின் மூலம், வலப்பக்கத்தில் டெக் அச்சிடும் பதிவேடு, அதன் கீழே நூற்பட்டியல் என்று மூன்று கோப்புகளை ஒரே நேரத்தில் பார்த்தபடி வேலை செய்யலாம். சாளரங்கள் எத்தனை இருந்தாலும் அவற்றுக்கெல்லாம் கீழே ஒரே ஓர் அடிவரிதான் உண்டு. அந்த வரிக்கு இரண்டு பணிகள்: ‘கோப்பு சேமிக்கப்பட்டது’ என்பது போன்ற செய்திகளை மென்பொருள் காட்டும்போது அது எதிரொலிப் பகுதி, எந்தக் கோப்பைத் திறப்பது என்று பயனரிடம் கேட்டு விடையைத் தட்டச்சாகப் பெறும்போது அதே வரி மினிபஃபர். மென்பொருள் பேசுவதற்கும் பயனர் பேசுவதற்கும் இடம் ஒன்றே என்பதில்தான் வழுவின் வேர் இருந்தது.

ஆக்டெக் என்னும் துணைநிரல் ஈமாக்ஸுக்குள்ளிருந்தே, டெக்கின் மேல் அமைந்த லேட்டெக்கைப் பின்னணியில் இயக்குகிறது. வழு தீர்வதற்கு முன் நிகழ்ந்தது இது: பெரிய ஆவணமாயின் பக்கங்கள் உருவாகச் சில நொடிகள் ஆகும் என்பதால், அதற்குள் பயனர் கண்ட்ரோல் விசையுடன் எக்ஸ், எஃப் ஆகியவற்றை அழுத்தி வேறொரு கோப்பைத் திறக்க முனைகிறார். அடிவரியில் கோப்பின் பெயரைக் கேட்கும் கேள்வி தோன்றுகிறது. அவர் பாதிப் பெயரைத் தட்டச்சு செய்த வேளையில், இத்தனை பக்கங்கள் வெற்றிகரமாக அமைக்கப்பட்டன என்னும் செய்தி அதே வரியில் வந்து அமர்கிறது. கேள்வியும் தட்டச்சு செய்த பாதிப் பெயரும் கண்ணிலிருந்து மறைந்துவிடுகின்றன, ஆனால் அழியவில்லை. அடுத்து அழுத்தும் விசைகள் அந்த மறைந்த கேள்விக்கே போய்ச் சேரும். அதை அறியாத பயனர் கட்டுரையைத் திருத்துவதாக எண்ணித் தட்டிக்கொண்டே போகக்கூடும். விசை எதுவும் அழுத்தாமல் இரண்டு நொடி காத்திருந்தால் செய்தி விலகிக் கேள்வி மீளும்.

இப்படி நேர்ந்ததன் காரணம் ஈமாக்ஸ் திரையை வரையும் முறையில் இருக்கிறது. இப்போது திரையில் இருப்பது என்ன, இனி இருக்கவேண்டியது என்ன என்று இரண்டு எழுத்து அணிகளை அது நினைவகத்தில் வைத்துக்கொண்டு, இரண்டையும் ஒப்பிட்டு, மாறிய வரிகளை மட்டும் மீண்டும் வரைகிறது. செய்தி ஒன்று வந்தால், அதை எதிரொலிப் பகுதிக்கென உள்ள தனி இடையகத்தில் எழுதி (கோப்பின் எழுத்துகள் நினைவகத்தில் தங்கும் இடமே இடையகம்), மினிபஃபரின் சாளரத்தில் அந்த இடையகத்தைத் தற்காலிகமாகக் காட்டும். வரைபொறி தன் கணக்கில் சற்றும் பிசகவில்லை. காட்டச் சொன்னதைத்தான் காட்டியது. காட்ட வேண்டியது எது என்று முடிவு செய்யும் இடமே அதில் இல்லை. இந்த நுட்பத்தைக் கருதாமல் செய்தியின் நேரத்தைக் குறைப்பதும் கூட்டுவதும் நோயின் வெளிக்குறியைத் தடவிக்கொடுப்பதாகவே முடியும்.

2020 ஆகஸ்டில் வெளிவந்த 27-ஆம் பதிப்பு அந்த இடத்தை உண்டாக்கியது. ஈமாக்ஸின் உள்ளகம் சி மொழியிலும் மேலடுக்கு லிஸ்ப் மொழியிலும் எழுதப்பட்டவை. செய்தியை வரைவதற்கு முன் உள்ளகம் இப்போது மேலடுக்கின் ஒரு செயற்கூற்றை, அதாவது குறித்த ஒரு பணியைச் செய்யும் நிரல்துண்டை, அழைத்துக் கேட்கிறது. மினிபஃபரில் பயனர் எதையும் எழுதிக்கொண்டிருக்கவில்லை என்றால் செய்தி பழையபடியே தோன்றும். எழுதிக்கொண்டிருந்தாலோ, அவர் எழுதியதன் இறுதியில், சதுர அடைப்புக்குறிக்குள், செய்தி ஒட்டுப்போல் சேர்க்கப்படும். ‘நானே காட்டிவிட்டேன்’ என்னும் விடை கிடைத்ததும் உள்ளகம் தன் வேலையைக் கைவிடும். இந்த ஒட்டு இடையகத்தின் எழுத்தாகாது, மேற்பூச்சு மட்டுமே என்பதால், கோப்பின் பெயரோடு அது கலந்துவிடும் அச்சம் இல்லை. இதில் ஒரு சிறு நுணுக்கமும் உண்டு: தட்டச்சுக்குறி செய்திக்கு முன்னே நிற்கவேண்டுமா பின்னே நிற்கவேண்டுமா என்று வரைபொறியால் தானாக அறிய இயலாது, எனவே செய்தியின் முதல் எழுத்தில் ‘குறி இங்கே’ என்னும் பண்பு தனியாகப் பொறிக்கப்படுகிறது. அது இல்லாவிட்டால், தட்டச்சுக்குறி செய்தியின் கடைசிக்கு ஓடிப் பயனரை மீண்டும் குழப்பும்.

பின்வந்த பதிப்புகளும் இதே வழியில் சென்றன. தனித்தனி வெளிச்சாளரங்கள் பல திறந்திருக்கையில் மினிபஃபர் எதைப் பின்தொடர வேண்டும் என்பதை 28-ஆம் பதிப்பில் பயனரே அமைத்துக்கொள்ளலாம். 2023-இல் வந்த 29-ஆம் பதிப்பிலோ வேண்டாத செய்திகளை வடிகட்டவும், அடுத்தடுத்து வருபவற்றைச் சேர்த்துக் காட்டவும் வழி செய்யப்பட்டது. பிராம் மூலனார் உருவாக்கிய விம் என்னும் திருத்தியில் இதே சிக்கல் வேறு வடிவில் எழுகிறது: சாளரங்களை மீண்டும் வரையும்போது அடிவரிச் செய்தி துடைக்கப்பட்டுவிடும் என்பதால், வரைந்து முடிந்தபின் மறுபடி காட்டவேண்டிய செய்தியை ஒரு மாறியில் சேமித்து வைக்கிறது அது.

மறைந்த செய்தியை மீட்க ஈமாக்ஸில் எளிய வழி உண்டு. அடிவரிக்கு வரும் செய்திகள் தனியொரு பதிவேட்டில் சேர்ந்துகொண்டே போகும். இயல்பாக அதில் கடைசி 1000 வரிகள் இருக்கும், ஒரே செய்தி திரும்பத் திரும்ப வந்தால் எத்தனை முறை என்ற எண்ணிக்கையோடு ஒரே வரியாகச் சுருங்கும். கண்ட்ரோல் விசையுடன் ஹெச், அடுத்து ஈ என்று அழுத்தினால் அது திறக்கும்.

செய்தியும் தட்டச்சுக்குறியும் சரியான இடத்தில் தெரிய அடிவரியின் அகலத்தையும் கணக்கிட வேண்டும்; அதில் துணைக்குறிகள் நிறைந்த தமிழ், மலையாள எழுத்துமுறைகள் திருத்திகளுக்கு ஆங்கிலத்தைவிடக் கடுமையான சோதனை. அச்சோதனையை நாள்தோறும் நடத்துபவர்கள் இம்மொழிகளில் எழுதுபவர்களே. ஆகவே செய்தி மறைவதையோ தட்டச்சுக்குறி இடம் தவறுவதையோ காண்பவர்கள், சொந்த அமைப்புகள் எதுவுமின்றி ஈமாக்ஸை வெறுமையாகத் திறந்து, அதே பிழையை மறுபடி வரவழைக்கும் படிகளை வரிசையாகக் குறித்து, அதிலேயே உள்ள வழு அறிவிப்புக் கட்டளையின் வழியே அனுப்பிவைக்க வேண்டும்.