இரவு வீதி இழைக்கும் ஒளிக்கோலம்

தீபாவளி இரவிலே சிறுவர்கள் கம்பி மத்தாப்பைக் கையிற் பிடித்துச் சுழற்றுவதை நாம் எல்லோரும் கண்டிருக்கின்றோம். எரிவது ஒரு பொறி. கண்ணுக்குத் தோன்றுவதோ ஒரு வட்டம். பொறி ஓரிடத்தை விட்டு நீங்கிய பின்னரும் அதன் சாயல் நமது விழியில் ஒரு கணம் தங்கிவிடுவதே இதற்குக் காரணம். அந்தக் கணம் மிகச் சிறியது. ஏறத்தாழ ஒரு வினாடியின் பத்திலொரு பங்கு. அதனை 20 வினாடி, 30 வினாடி என நீட்டிக்கவல்ல கண் ஒன்று நமக்கிருந்தால் இரவு எவ்வாறு காட்சியளிக்கும்? கமராவுக்கு அத்தகைய கண் உண்டு.

அண்மையில் ஒரு மாலைப் பொழுதில், மாணவர் சிலருடன் யட்டியாந்தோட்டையில் றப்பர் மேடொன்றின் மீது நின்று இதனைச் சோதித்துப் பார்த்தோம். கீழே, அவிசாவளையிலிருந்து கித்துல்கல, கினிகத்தேனை வழியாக ஹட்டனுக்குச் செல்லும் வீதி வளைந்து கிடந்தது. கமராவை முக்காலியில் இறுக்கிப் பொருத்தினோம். ஒளி புகும் துவாரத்தை எஃப் 11 என்னும் அளவுக்குச் சுருக்கி, ஒளியுணர் திறனை 100 ஆகக் குறைத்து, 20 வினாடி திறந்திருக்கும்படி செய்தோம். விசையை விரலால் அழுத்தும்போது ஏற்படும் சிறு அதிர்வும் படத்தைக் கெடுத்துவிடும். ஆதலால் 2 வினாடி தாமதித்துத் தானாகவே இயங்குமாறு அமைத்தோம்.

படம் வந்தது. எம்மை நோக்கி வந்த வாகனங்களின் முன்விளக்குகள் வெண்ணூலாகவும், அகன்று சென்றவற்றின் பின்விளக்குகள் செந்நூலாகவும் வளைவு முழுவதும் நீண்டு கிடந்தன. ஆனால் வாகனம் ஒன்றையேனும் காணோம்!

"பஸ் எங்கே போனது, சேர்?" என்றான் ஒரு மாணவன்.

நல்ல கேள்வி. மணிக்கு 36 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் பஸ் ஒரு வினாடியில் 10 மீற்றர் ஓடுகின்றது. 20 வினாடியில் 200 மீற்றரைக் கடந்துவிடும். பஸ்ஸின் நீளமும் 10 மீற்றர் என்று கொண்டால், அது வீதியின் ஓரிடத்தை மறைத்து நிற்பது ஒரே வினாடிதான். எஞ்சிய 19 வினாடியும் அவ்விடத்து வீதியும் மரமுமே கமராவுக்குள் பதிகின்றன. இருண்ட பஸ்ஸின் உடல் கரைந்துவிட, சுடரும் விளக்கு மாத்திரம் தான் சென்ற தடத்தை எழுதிவிட்டுப் போகின்றது.

இத்தகைய கோடுகளை வாசிக்கவும் பழகலாம். சாரதி தடையை அழுத்திய இடத்தில் செந்நூல் தடிக்கும். திரும்புவதற்குச் சைகை விளக்கைப் போட்ட இடத்தில் கோடு புள்ளி புள்ளியாக அறுபடும். நகரத்து வீதிச் சமிக்ஞை விளக்கை ஒரு சுற்று முடியும்வரை படமெடுத்தாலோ, சிவப்பும் மஞ்சளும் பச்சையும் ஒருங்கே எரிவதாகத் தோன்றும். நில் என்றும் செல் என்றும் ஒரே வேளையில் கட்டளையிடும் அவ்விளக்கைக் கண்டால் பொலிஸ்காரரும் திகைத்துப்போவார் அன்றோ! செருமனியின் வைமார் நகருக்கருகில் லூக்காஸ் சிம்மர்மான் என்னும் படக்கலைஞர் மூடுபனி இரவுகளில் சமிக்ஞை விளக்குகளை இவ்வாறு படமாக்கிப் புகழ்பெற்றார். பனித்துளிகள் ஒளியைச் சிதறடிப்பதால் நிறங்கள் கதிர்களாக வீதியின் மேல் விரிந்து நிற்கும். நமது மலைப்பாதைகளிலும் பனிக்குப் பஞ்சமில்லை. மாணவர்கள் முயன்று பார்க்கலாம்.

இன்று நாம் விரும்பிச் செய்யும் இக்காரியம் ஆதியில் வேறு வழியின்றிச் செய்யப்பட்டது. 1838 ஆம் ஆண்டில் டாகர் என்பவர் பாரிஸ் நகரத்துப் பெருவீதியொன்றைப் படமெடுத்தபோது, தகட்டில் ஒளி பதியப் பல நிமிடங்கள் தேவைப்பட்டன. சனநெருக்கடி மிகுந்த அவ்வீதி படத்தில் வெறிச்சோடிக் கிடக்கின்றது. நடந்தோரும் வண்டிகளும் மறைந்துபோக, சப்பாத்துக்கு மெருகிடுவித்துக்கொண்டு அசையாது நின்ற ஒருவரின் உருவமே தெளிவாக எஞ்சியது. நமது மலையகத்துக்கும் இந்தக் கதையில் பங்குண்டு. 1875 இல் இலங்கைக்கு வந்த ஜூலியா மார்கரெட் கமரன் என்னும் ஆங்கிலேய மாது, இங்கிருந்த தோட்டத் தொழிலாளரையும் படமெடுத்தார். 1879 இல் டிக்கோயாவிற் காலமான அவரது கல்லறை பொகவந்தலாவையில் உள்ளது. அவரது கமராவுக்கு முன்னால் நிற்போரும் நெடுநேரம் அசையாதிருக்க வேண்டியிருந்தது.

அசையாது நின்றவர் படத்தில் நிலைத்தார், நடந்தவர் மறைந்தார். இரவிலே நடப்பவர் நிலைக்க வேண்டுமாயின் கையில் ஒளி வேண்டும். இவ்வுண்மை எமது இரண்டாவது படத்தைக் கூர்ந்து நோக்கியபோதுதான் நெஞ்சில் உறைத்தது.

அந்த 20 வினாடியில் வீதியோரமாக ஒரு தாய் டோர்ச் விளக்குடன் லயத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தார். அவருக்குச் சற்று முன்னால் இரு பிள்ளைகள், மாலை வகுப்பு முடிந்து, விளக்கின்றிச் சென்றனர். இதனை நாம் கண்ணாரக் கண்டோம். படத்திலோ டோர்ச்சின் மஞ்சட் கோடு மெல்லியதாய் ஆடி ஆடிச் செல்கின்றது, பிள்ளைகள் இல்லை. இருந்ததற்கான சுவடும் இல்லை.

கமராவின் கண் வேறு, சாரதியின் கண் வேறு என்பது உண்மையே. எனினும், ஒளி அனுப்பாத பொருளை எந்தக் கண்ணும் காண மாட்டாது. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு வினாடியில் 16 மீற்றருக்கு மேல் ஓடிவிடுகின்றது. கறுத்த உடையணிந்த பிள்ளையைச் சாரதி கண்டுகொள்வதற்குள் எத்தனை வினாடி கழியுமோ! பகலில் வெண்ணிறச் சீருடையுடன் பளிச்சென்று தெரியும் பிள்ளைகளை, மாலையில் கறுப்புச் சட்டையுடன் வகுப்புக்கு அனுப்புகின்றோம். அவ்வகுப்பை இருட்டும் வரை நீட்டிக்கும் ஆசிரியராகிய எமக்கும் இதில் பொறுப்பில்லையா? படத்தைக் கண்ட மறுநாளே எமது மாலை வகுப்பை அரைமணி முன்னதாக முடிக்கத் தொடங்கினோம்.

பெற்றோர் செய்யத்தக்கவையும் பெருஞ் செலவுடையன அல்ல. இரவில் வெளியே செல்லும் பிள்ளைக்கு வெளிர்நிற உடை அணிவியுங்கள். புத்தகப் பையில் ஒளியைத் திருப்பியனுப்பும் பட்டியொன்றைத் தைத்துவிடுங்கள். வாகன விளக்கின் ஒளி பட்டதும் அது சாரதியின் கண்ணுக்கே மீளும். கையில் ஒரு சிறு டோர்ச் இருக்கட்டும். நடைபாதை இல்லாத வீதியில், வரும் வாகனத்தை எதிர்நோக்கி, வலப்பக்கமாக நடக்கப் பழக்குங்கள்.

அந்தப் படம் இப்போது எமது வகுப்பறைச் சுவரில் தொங்குகின்றது. பார்ப்போர் யாவரும் ஒளிக்கோடுகளின் அழகை வியக்கின்றனர். மாணவர்கள் மாத்திரம் வீதியோரத்து இருளைச் சுட்டிக்காட்டி, "இங்கே இரண்டு பேர் நடக்கிறார்கள்" என்று சொல்லிக் கொடுக்கின்றனர்.