கிங்ஸ்பரிக் களிமண்ணில் தக்காளி

எமது சங்க அன்பர்கள் பலர் வீட்டின் பின்வளவில் தக்காளி வைக்கிறார்கள். ஒரே கடையில் வாங்கிய கன்று ஒருவர் வளவில் கொத்துக் கொத்தாய்க் காய்க்கிறது. மற்றவர் வளவில் இலை மட்டும் தழைக்கிறது. “அவருக்குக் கைராசி” என்று சொல்லிவிடுகிறோம். கைராசியைவிட மண்ணும் நீரும் வெயிலுமே இதற்குக் காரணம்.

உரும்பிராய்த் தோட்டங்களிடையே வளர்ந்த என் தாயார் தமது 78ஆவது வயதில் எம்முடன் வாழ வந்தார். முதல் வருடம் பின்வளவு மண்ணைக் கையில் உருட்டிப் பார்த்து, “இது சட்டி பானை செய்யிற மண், தம்பி” என்று சொல்லி உள்ளே போனவர், அந்தக் கோடை முழுவதும் வெளியே வரவில்லை. எனக்கு அது பெரும் மனவருத்தமாக இருந்தது.

அவர் சொன்னது சரியே. கிங்ஸ்பரி இருப்பது ‘லண்டன் களி’ எனப்படும் களிமண் படுக்கையின்மேல். யாழ்ப்பாணத்துச் செம்மண் சுண்ணாம்புக்கல்லின்மேல் உள்ளது. பெய்த நீர் விரைவில் கீழே இறங்கிவிடும். லண்டன் களியோ மாரியில் நீரைத் தேக்கி வைக்கும். கோடையில் இறுகி வெடிக்கும். இளவேனிலில் சூடேறத் தாமதிக்கும். ஆனால் அது வளமற்ற மண் அல்ல. சத்துக்களை நன்றாகப் பிடித்து வைக்கும். வேருக்குக் காற்றுத்தான் போதாது. ஊரில் பூவரசங்குழை தாழ்ப்பதுபோல, இங்கு உக்கிய இலையையும் எருவையும் வருடந்தோறும் சேர்த்தால் களி பொலபொலப்பாகும். ஈரமாயிருக்கும்போது அதை மிதிக்கக் கூடாது.

அடுத்த வருடம் அவ்வாறு பண்படுத்திய பாத்தியில் சில கன்றுகளும், தொட்டிகளில் சில கன்றுகளும் வைத்தேன். தொட்டிக் காய்களின் அடிப்பக்கம் கறுத்து அழுகியது. வைத்தியனல்லவா? கல்சியக் குறைபாடு என்று நிர்ணயித்து, முட்டைக்கோதும் உரமும் போட்டேன். குணமாகவில்லை. யன்னலால் பார்த்திருந்த அம்மா வெளியே வந்தார்.

“தம்பி, அதுக்குப் பசியில்லை. ஒருநாள் வெள்ளம் விடுறாய், மூண்டு நாள் காயவிடுறாய். தண்ணியை ஒழுங்காய் விடு.”

என் நோய்நிர்ணயம் பாதி சரி, மருந்து பிழை. காயில் கல்சியம் குறைவது உண்மை. ஆனால் மண்ணில் அது பெரும்பாலும் போதியளவு உண்டு. லண்டன் குழாய்நீரே கல்சியம் மிகுந்த கடினநீர். நீரோடு கரைந்துதான் கல்சியம் காய்க்குப் போகும். நீர் தடைப்பட்டால் அதுவும் தடைப்படும். அன்றுமுதல் தண்ணீர் அம்மாவின் பொறுப்பாயிற்று. பிறகு வந்த காய்களில் பழுதில்லை.

அன்பர்கள் மேலும் கவனிக்க வேண்டியவை சில. மே மாதக் கடைசிக்கு முன் கன்றை வெளியே நடவேண்டாம். இரவு வெப்பம் 10 பாகை செல்சியசுக்குக் கீழே போனால் வளர்ச்சி முடங்கும். கடும் வெப்பமும் ஆகாது. 30 பாகைக்கு மேல் நீடித்தால், பழத்துக்குச் சிவப்பு நிறம் தரும் லைக்கோபீன் சரியாக உருவாகாது. தழைச்சத்து மிஞ்சினால் இலைதான் வரும்; பூத்தபின் பொட்டாசியம் மிகுந்த உரமே நன்று. இலைமேல் நீர் ஊற்றாமல் அடியில் ஊற்றுங்கள். 1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்த அதே வெளிறல் நோய் ஈர இலையில்தான் தக்காளியையும் பற்றுகிறது.

வைத்தியனாக ஒரு சொல்: பசளைப் பையை முகத்தருகே வைத்துப் பிரிக்க வேண்டாம். நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லாக் கிருமி அதில் இருக்கக்கூடும். வேலை முடிந்ததும் கையைக் கழுவுங்கள்.

பாத்தியில் பழுத்த முதற்பழத்தை அம்மா சுவாமிப் படத்தின்முன் வைத்தார். மறுநாள் சொதி வைத்தார். “மண்ணிலை பிழையில்லை, தம்பி” என்றார். இப்போது கோடையில் அவரை வீட்டினுள்ளே காண்பது அரிது.