டிமிக்கி கொடுக்கும் கை: காட்டிக் கொடுக்கும் பட்டை!

காலாப்பட்டு,-

வலை இழுத்த கை, ஒருநாள் விடியற்காலையில் டீ கிளாசைக்கூட தூக்க மறுத்தால்?

பக்கவாதம் செய்யும் கொடுமை இது. காலாப்பட்டு மீனவக் குப்பத்தில் கை போனால் அடுப்பு எரியாது.

"வாயு அடிச்சிடுச்சு" என்று புறா ரத்தம் தேய்க்கக் கிளம்புகிறவர்கள் இன்றும் உண்டு. வீண் வேலை! வாய் கோணி, பேச்சு குழறி, கை தொங்கினால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். ரத்தக் கட்டியால் வந்த வாதம் என்றால், கரைக்கும் ஊசியை 4½ மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.

உயிர் தப்பிய பிறகுதான் நிஜப் போராட்டம்.

புளுகு பலிக்காது

கையை தினமும் நூற்றுக்கணக்கான தடவை அசைக்கச் சொல்வார் டாக்டர். வீட்டுக்கு வந்ததும்? நல்ல கையாலேயே சாப்பாடு, சட்டை, பீடி எல்லாம் முடிந்துவிடும். வாதக் கை மடியில் தூங்கும். நாளடைவில் அந்தக் கையைப் பயன்படுத்தவே மூளை மறந்துவிடும்.

டாக்டர் கேட்டால், "தினமும் செய்யறேன் சார்" என்று பதில்!

இங்கேதான் சென்சார் வருகிறது. இரண்டு மணிக்கட்டிலும் கடிகாரம் போல் ஒரு பட்டை. செல்போனைச் சாய்த்தால் படம் திரும்புகிறதே, அதே மாதிரி சில்லுதான் உள்ளே. எந்தக் கை எவ்வளவு அசைந்தது என்று குறித்துக்கொண்டே இருக்கும்.

ஒரு சங்கடம். நடக்கும்போது கை சும்மா ஆடுவதும் கணக்கில் ஏறிவிடும். அதைப் பிரித்தெடுக்கத்தான் விஞ்ஞானிகள் மண்டையை உடைத்துக் கொள்கிறார்கள்.

வேலூர் 'புளூட்டோ'

வேலூர் சி.எம்.சி.யும் சென்னை ஐ.ஐ.டி.யும் சேர்ந்து 'புளூட்டோ' என்ற கருவியை உருவாக்கின. 2021-ல் இதுபற்றிய ஆராய்ச்சிக் கட்டுரை வெளிவந்தது. மேஜை மேல் வைக்கலாம். மோட்டார் ஒன்றுதான். மணிக்கட்டை மடக்க ஒரு பிடி, முன்கையைத் திருப்ப ஒன்று, விரலை விரித்து மூட இன்னொன்று என்று கழற்றி மாட்டலாம்.

எதிரே திரையில் விளையாட்டு. கை அசைந்தால் ஆட்டம் நகரும். எவ்வளவு திரும்பியது என்று சென்சார் அளக்கும். நோயாளி திணறினால் மோட்டார் கைகொடுக்கும். ஆனால் முயற்சி அவருடையதாக இருக்க வேண்டும்.

ஒரே ரோடு

வேலூருக்கு பஸ் மாறி எத்தனை தடவை போவது? காலாப்பட்டிலேயே மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. பக்கத்துப் பிள்ளைச்சாவடியில் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். ஒரே கிழக்குக் கடற்கரைச் சாலைதான். பட்டைக்கு வேண்டிய சில்லு சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. மாணவர்கள் மனது வைத்தால் நாலு பட்டை செய்து, வாரம் ஒரு வீட்டுக்கு இரவல் கொடுக்கலாம்.

கேட்க வேண்டியது யார்? சுகாதாரத் துறை!