வெயிலுக்கு அஞ்சிய தோட்டா

கோவை கௌலி பிரவுன் சாலையில், வனத்துறை வளாகத்துக்குள் காஸ் அருங்காட்சியகம் இருக்கிறது. 1902இல் தொடங்கியது. பாடம் செய்து நிறுத்திய காட்டெருமை ஒன்று அங்கே உண்டு. நன்கு வளர்ந்த காளை ஒரு டன்னை நெருங்கும் விலங்கு அது. அதன் தோல், தசை, எலும்பு எல்லாவற்றையும் கடந்து ஓர் ஈயக் குண்டு இதயத்தைத் தொட எவ்வளவு வேகம் வேண்டும்? ஆனைமலைக்கும் நீலகிரிக்கும் வேட்டைக்கு வந்த வெள்ளைக்காரத் துரைமார்கள் இந்தக் கேள்வியோடு ஒரு நூற்றாண்டுக் காலம் மல்லுக்கட்டினார்கள். அவர்கள் எழுதிவைத்த புத்தகங்களில் வீரம் நிறைய இருக்கும், வேதியியல் கொஞ்சமாக இருக்கும். எனக்கு அந்தக் கொஞ்சம்தான் சுவையாகப் படுகிறது.

முதலில் கருமருந்து. வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றும் சேர்ந்தது. உவர்மண்ணை ஊறவைத்துக் காய்ச்சி வெடியுப்பு எடுப்பது தமிழ்நாட்டில் பழைய தொழில். உப்பிலியர்கள் அதைச் செய்துவந்தார்கள். கருமருந்து எரிந்தபின் அதன் எடையில் பாதிக்குமேல் திடப்பொருளாகவே மிஞ்சிவிடும். குண்டைத் தள்ளுவது வாயு. மிஞ்சிய பாதி வெறும் புகையும் குழலில் ஒட்டும் கசடும்தான். அதனால் வேகத்துக்கு ஓர் எல்லை இருந்தது. வேகத்தைக் கூட்ட முடியாதவர்கள் எடையைக் கூட்டினார்கள். 'நாலு போர்' துப்பாக்கியின் குண்டு கால் பவுண்டு, அதாவது சுமார் 113 கிராம். இலங்கையில் யானை சுட்ட சாமுவேல் பேக்கர் இப்படிப்பட்ட பீரங்கிக் குட்டிகளைத்தான் தோளில் வைத்துச் சுட்டார். அவருக்கு முன் அங்கே மேஜர் ரோஜர்ஸ் என்பவர் 1,400 யானைகளைக் கொன்றதாகச் சொல்வார்கள். 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து செத்தார். இடியை யார் ஏவியது என்பது அவரவர் நம்பிக்கை.

அந்தக் காலத்தில் தோட்டா என்பது கூடாரத்திலேயே செய்துகொள்ளும் பொருள். ஈயத்தை அடுப்பில் உருக்கி, கொஞ்சம் வெள்ளீயம் சேர்த்துக் கெட்டியாக்கி, இடுக்கி அச்சில் ஊற்றிக் குண்டு வார்ப்பார்கள். மருந்தை ஒரு சிறு குவளையால் அளந்து போடுவார்கள். குவளை அளவில் சற்றே ஏறினாலும் இறங்கினாலும் கருமருந்து பொறுத்துக்கொள்ளும். சொந்தமாகத் தோட்டா போடும் கலை அந்தப் பொறுமையை நம்பித்தான் வளர்ந்தது. இன்றும் மலையடிவாரத்தில் பிடிபடும் நாட்டுத் துப்பாக்கிகள் அந்த வம்சத்தைச் சேர்ந்தவைதான். வாய்வழியாக மருந்தைக் கிட்டித்து, மேலே பால்ரஸ் குண்டுகளைப் போட்டு, கேப்பு வைத்துக் குதிரையைத் தட்டுவது. பால்ரஸ் மட்டும் புதிது.

1889இல் ஃபிரெடெரிக் ஏபலும் ஜேம்ஸ் டிவாரும் இங்கிலாந்தில் கார்டைட் செய்தார்கள். நைட்ரோகிளிசரினையும் நைட்ரேற்றிய பஞ்சையும் அசிட்டோனில் பிசைந்து, இடியாப்பம் பிழிவதுபோல் பிழிந்து உலர்த்திய கயிறு அது. கூடவே கொஞ்சம் வாஸ்லின். குழலுக்கு வழுவழுப்பு வரட்டும் என்று சேர்த்த வாஸ்லின், மருந்து தானாகச் சிதையாமல் காப்பதற்குத்தான் அதிகம் உதவியது என்று பிற்பாடு தெரிந்தது. நைட்ரோகிளிசரின் ரத்தக் குழாய்களை விரித்துவிடும், ஆகவே அதைக் கையாண்ட தொழிலாளிகளுக்குக் கடும் தலைவலி வரும். அதே பொருளை மருத்துவர்கள் நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கக் கொடுக்கிறார்கள்.

கார்டைட் எரிந்தால் ஏறக்குறைய முழுவதும் வாயு. வித்தியாசத்தை எண்ணில் பார்க்கலாம். மார்ட்டினி-ஹென்றி ராணுவத் துப்பாக்கி ஐந்தரை கிராம் கருமருந்தில் 31 கிராம் குண்டை நொடிக்கு 410 மீட்டர் வேகத்தில் அனுப்பியது. 1898இல் ரிக்பி நிறுவனம் கொண்டுவந்த .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ், அதே 31 கிராம் குண்டை நாலரை கிராம் கார்டைட்டில் 655 மீட்டர் வேகத்தில் அனுப்பியது. மருந்து குறைந்தும் ஆற்றல் 2,600 ஜூலிலிருந்து 6,700க்கு ஏறிவிட்டது. கால் பவுண்டு குண்டுகளின் காலம் அதோடு முடிந்தது.

சிக்கலும் அதே இடத்தில் தொடங்கியது. கார்டைட் சீமையின் குளிரில் சோதித்த பொருள். நம்மூர்ச் சித்திரை வெயிலில் தோட்டாப் பையைப் பாறைமேல் வைத்துவிட்டால் பித்தளை கையைச் சுடும். மருந்து ஏற்கெனவே சூடாக இருந்தால், அதைப் பற்றவைக்கத் தேவைப்படும் கூடுதல் வெப்பம் குறைவு. ஆகவே வேகமாக எரியும். வேகமாக எரிந்தால் அறைக்குள் அழுத்தம் கூடும். அழுத்தம் கூடினால் எரியும் வேகம் இன்னும் கூடும். ஒன்றை ஒன்று தூண்டிவிடும் இந்தச் சுழலில், தொடக்கத்தில் இருந்த சிறு வேறுபாடு முடிவில் பெரிதாகிவிடும்.

அழுத்தம் கூடியதும் குழல் வெடித்துவிடும் என்று நினைக்க வேண்டாம். எஃகு அவ்வளவு எளிதில் விட்டுக்கொடுக்காது. முதலில் அகப்படுவது தோட்டாவின் பித்தளைக் கூடு. சுட்ட கணத்தில் கூடு உப்பி அறையின் சுவரில் ஒட்டிக்கொள்ளும், வாயு பின்பக்கம் கசியாமல் அடைக்கும், அழுத்தம் இறங்கியதும் இழுத்துவிட்ட நாண்போல அல்லாமல் ஒரு மயிரிழை அளவு மட்டும் சுருங்கி விலகும். அந்த மயிரிழையில்தான் வேட்டைக்காரனின் உயிர் இருந்தது. அழுத்தம் மிஞ்சினால் பித்தளை தன் மீள்தன்மையின் எல்லையைத் தாண்டி அறையிலேயே இறுகிவிடும். இரட்டைக்குழல் துப்பாக்கியில் சிக்கிய கூட்டை நெம்பி இழுக்கும் வலு குறைவு. இரண்டு குண்டும் போய்விட்டன, காயம்பட்ட காட்டெருமை புதரிலிருந்து திரும்பி வருகிறது, கூடு வெளியே வரமாட்டேன் என்கிறது. யோசித்துப் பாருங்கள்.

இதற்கு விடையாகத்தான் தோட்டாக்களின் உருவமே மாறியது. இந்தியாவுக்கென மருந்தைக் குறைத்துப் போட்ட 'வெப்பநாட்டுத் தோட்டா' தனியாக விற்பனைக்கு வந்தது. 1911இல் வந்த .416 ரிக்பியின் கூடு தேவைக்கு மிஞ்சிப் பருமனாக இருக்கும். உள்ளே இடம் தாராளமாக இருந்தால் அழுத்தம் அடங்கி நிற்கும் என்பது கணக்கு. அடுத்த ஆண்டு வந்த .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்டின் கூடு கீழிருந்து மேலே நன்றாகச் சரிந்து குறுகும். சற்றுப் பின்னுக்கு நகர்ந்தாலே சுவரைவிட்டு விலகிவிடும். இன்றைக்கும் ஆப்பிரிக்காவில் இவை இரண்டும் புழக்கத்தில் இருக்கின்றன. அவற்றின் வடிவத்தில் ஆனைமலை அடிவாரத்து வெயிலுக்கும் ஒரு பங்கு உண்டு என்று சொன்னால் மிகையில்லை.

ஆனால் தோட்டா கூடாரத்தைவிட்டுப் போய்விட்டது. கழுத்துக் குறுகிய கூட்டுக்குள் கார்டைட் கயிறுகளைக் கட்டாக நுழைக்க முடியாது. ஆலையில் கயிற்றுக்கட்டை முதலில் போட்டுவிட்டுப் பிறகுதான் கழுத்தை ஒடுக்குவார்கள். அளவும் குவளைக் கணக்கில் வராது. கருமருந்துக் குவளையால் கார்டைட் போன்ற புகையில்லா மருந்தை அளந்து போட்டவர்கள் துப்பாக்கியையும் விரல்களையும் இழந்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் சோதனைச்சாலைகள், இந்தக் குழல் இத்தனை கிரெயின் கார்டைட்டைத் தாங்கும் என்று குழலின் அடியிலேயே முத்திரை குத்தின. துரைமார்கள் பர்மிங்ஹாம் கைனாக் நிறுவனத்தின் பெட்டிகளை நம்பியே வேட்டைக்குப் புறப்பட்டார்கள். 1960களில் கைனாக் இந்தத் தோட்டாக்களை ஒவ்வொன்றாக நிறுத்தியபோது, ஊமையாகிப்போன விலையுயர்ந்த துப்பாக்கிகள் உலகெங்கும் பீரோவுக்குள் போயின. அவற்றை மறுபடி பேசவைத்தவர்கள் வெளிநாட்டில் வீட்டுப் பட்டறையில் தோட்டா போடும் ஆர்வலர்கள். புதிய குருணை மருந்துகளோடு அந்தக் கலை திரும்பி வந்தது. இந்தியாவில் அதற்கு வழி குறுகல். தோட்டா தயாரிக்க 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் உரிமம் கேட்கிறது.

கார்டைட் பிழிந்த ஆலை ஒன்று நமக்குப் பக்கத்திலேயே உண்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி ரயிலில் போனால் குன்னூர் தாண்டி அருவங்காடு. 1,800 மீட்டருக்கு மேல் உயரம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே கார்டைட் ஆலை வந்தது, காட்டேரி ஓடையில் அதற்கென நீர்மின்சாரம் எடுத்தார்கள். நைட்ரேற்றிய பஞ்சு சும்மா இருக்கும்போதும் மெல்லச் சிதைந்து நைட்ரஜன் ஆக்சைடுகளை வெளிவிடும். அந்த வாயுவே மேலும் சிதைவைத் தூண்டும். வெப்பம் ஏற ஏற இது மளமளவென்று கூடும். இப்படிப்பட்ட பொருளுக்கு நீலகிரிக் குளிர் தோது. ஏபல் கண்டுபிடித்த சோதனை எளிமையானது: மருந்தைச் சூடாக்கி, மேலே ஸ்டார்ச்சும் பொட்டாசியம் அயோடைடும் தோய்த்த தாளைத் தொங்கவிட்டு, அதில் பழுப்புக் கோடு விழ எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்ப்பது. சீக்கிரம் விழுந்தால் மருந்து கெட்டுவிட்டது. அருவங்காட்டு மருந்து ராணுவத்துக்குப் போனது, வேட்டைக்கு அல்ல. ஆலை இப்போது மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் இருக்கிறது.

வேட்டைத் துப்பாக்கியின் அளவை வெயிலோடு சேர்ந்து அரசாங்கமும் தீர்மானித்தது. மார்ட்டினியும் ரிக்பியும் சுட்ட குண்டுகள் எடையில் மட்டுமல்ல, பருமனிலும் ஏறக்குறைய ஒன்றுதான். வேட்டைத் தோட்டாவின் குண்டைப் பிடுங்கி, கைதப்பிப்போன ராணுவத் துப்பாக்கிகளுக்குப் போட்டுவிடலாம். அந்தப் பயத்தில் 1907இல் .450 துப்பாக்கிகள் இந்தியாவுக்குள் வரத் தடை விதித்தார்கள். உடனே இங்கிலாந்துத் துப்பாக்கிக் கடைக்காரர்கள் .465, .470, .475, .476 என்று மயிரிழை வித்தியாசத்தில் புதுத் தோட்டாக்களை இறக்கினார்கள். எந்த யானையும் இந்த வித்தியாசத்தை உணர்ந்திருக்காது. நம் ஆயுத ஆலைகள் பொதுமக்களுக்கு விற்கும் .315 ரைஃபிளும் இதே வழியில் வந்ததுதான். ராணுவத்தின் .303 தோட்டா அதில் நுழையக் கூடாது, அவ்வளவுதான் நோக்கம்.

துப்பாக்கி இருந்தால் மட்டும் போதாது, சுடுவதற்குக் காடு வேண்டும். 1877இல் நீலகிரி வேட்டைச் சங்கம் தொடங்கியது. 1879இல் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வரையாடு அழிந்துவருவதைக் கண்டு, எதை எந்தப் பருவத்தில் சுடலாம் என்று வரையறுத்தார்கள். வரையாடு பிழைத்ததற்கு அந்தச் சங்கத்துக்கும் ஒரு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காப்புக்காடுகளில் வேட்டையை விதிகளுக்குள் அடைத்தபோது, உரிமம் வாங்கிய துரை 'ஸ்போர்ட்ஸ்மேன்' ஆனார், வலையும் கண்ணியும் வைத்திருந்த இருளரும் குறும்பரும் திருட்டு வேட்டைக்காரர்கள் ஆனார்கள். ஆனைமலையில் அதே துரைக்குக் காட்டெருமைத் தடம் காட்டிக் கூட்டிப்போனவர்கள் காடரும் மலசரும்.

அமெரிக்காவில் வேறு கதை. அங்கே தேசிய வனங்களின் பெரும்பகுதியில் உரிமம் பெற்ற எவரும் வேட்டையாடலாம். 1937இல் வந்த ஒரு சட்டம் வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதித்த வரியை, இன்று 11 சதவீதம், விலங்குப் பாதுகாப்புக்கே திருப்பிவிடுகிறது. நம்மிடம் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முதலில் சில வேட்டை உரிமங்களை விட்டுவைத்திருந்தது. 1991 திருத்தம் அவற்றையும் எடுத்துவிட்டது. இத்தனை நெருக்கமாக மக்கள் வாழும் காட்டோரத்தில் அமெரிக்க முறை ஒரு பருவம்கூடத் தாங்காது என்பது என் எண்ணம்.

ஆனால் பன்றி சட்டம் படிப்பதில்லை. தொண்டாமுத்தூர், காரமடைப் பக்கம் வாழைக்கும் மக்காச்சோளத்துக்கும் இரவில் காவல் இருப்பவர்களைக் கேட்டால் தெரியும். பயிர்க் காவலுக்கு வாய்வழித் துப்பாக்கி உரிமம் தர ஆயுதச் சட்டத்திலேயே இடம் உண்டு. காவல் துப்பாக்கியானாலும் காட்டு விலங்கைச் சுடத் தனி அனுமதி வேண்டும். துப்பாக்கி இல்லாத இடத்தில், இரைக்குள் வெடியை மறைத்த அவுட்டுக்காய் நுழைகிறது. பன்றிக்கு வைத்த அந்த வெடியை யானைக் கன்று கடித்து, தாடை சிதறி, தின்ன முடியாமல் நாள்கணக்கில் பட்டினி கிடந்து சாகிறது. வேட்டைக் கருவிகளிலேயே இதைவிடக் கேவலமானது எனக்குத் தெரியாது. குறி பார்க்கிற ஆளே இல்லாத ஆயுதம் அது.

2025 ஜனவரியில் தமிழக அரசு ஓர் ஏற்பாட்டுக்கு வந்தது. காட்டோரத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை பன்றியைத் தொடக் கூடாது. ஒன்றிலிருந்து மூன்று வரை பிடித்துக் காட்டில் விடலாம். மூன்றுக்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். படிக்க எளிமையாக இருக்கிறது. ஆனால் ரைஃபிள் குண்டு, குழலை உயர்த்திச் சுட்டால், மூன்று கிலோமீட்டருக்கு மேலும் போகக்கூடியது. மேற்கே மலையில் சுட்டவர்களுக்குத் தவறிய குண்டைச் சரிவு வாங்கிக்கொண்டது. மூன்றாவது வட்டம் விழுவதோ சமதரையில். அங்கே தோட்டத்துக்குத் தோட்டம் சாளை வீடு இருக்கிறது. கட்டுத்தரையில் மாடு, வாசலில் கட்டிலில் படுத்திருக்கும் ஆள். பரண்மேல் இருந்து கீழ்நோக்கிச் சுட்டால் குண்டு மண்ணுக்குள் போய்விடும். அதற்குப் பன்றி பரணுக்குப் பக்கத்தில் வர வேண்டும், அதன் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிய வெளிச்சம் வேண்டும். ஆளுயரச் சோளத்துக்குள் இரண்டும் சேர்ந்து அமைவது அபூர்வம்.